கண்ணைக் கட்டி ருசி பார்த்த கத்திரிக்காய்

அந்தப் பைய மிதிச்சிராத தாயி. இரு, சீட்டுக்கு அடில தள்ளி வச்சுக்கறேன். ஒண்ணுமில்ல, கத்திரிக்காதான். நாட்டுக் கத்திரி, காம்புல முள்ளு இருக்கும், கால்ல பட்டாச் சுருக்குன்னு குத்திரும். மூணு கிலோ இருக்கு. விக்கக் கொண்டு போறேன்னு நெனச்சுக்கிட்டியா? இல்ல, சண்டைக்குப் போறேன். புளியமரத்துப்பட்டி விலக்குல எறங்கணும். முக்கா மணி நேரம்னு சொல்லுவாக, இந்த டிரைவரு ஓட்டுற ஓட்டுக்கு ஒரு மணி நேரம் ஆகும்.

சண்டைக்குப் போறவ கத்திரிக்காய எதுக்குத் தூக்கிட்டுப் போறான்னு பாக்குற. ஒரு வீட்டுக்கு வெறுங்கையோட போறதா? சண்டைன்னாலும் ஒரு மொறை இருக்குல்ல.

என் பேரு வெள்ளைத்தாய். எங்க ஊருப் பக்கம் கல்யாணம், காதுகுத்து, சடங்கு எதுன்னாலும் சமையலுக்கு என் பேரத்தான் மொதல்ல சொல்லுவாக. பெருமைக்குச் சொல்லல. எனக்குப் பெருமையே கெடையாது, யார வேணா கேட்டுப் பாரு. எண்ணெய்க் கத்திரிக்கா கொழம்புன்னா அது வெள்ளைத்தாய் கொழம்பு, அவ்வளவுதான். ஒரு கல்யாணத்துல தாலி கட்டி முடியறதுக்குள்ள பாதிச் சனம் பந்தியில எடம் புடிக்க ஓடிருச்சு. பொண்ணோட அப்பா எங்கிட்ட வந்து கோவிச்சுக்கிட்டாரு. நான் என்ன செய்ய முடியும், தாளிக்காம இருக்க முடியுமா?

சண்டை யாரோடன்னா, மாரிக்கனியோட. என் கொழுந்தன் பொண்டாட்டி. கல்யாணமாகி வந்தப்ப அவளுக்குச் சோறு வடிக்கத் தெரியாது தாயி, கஞ்சியோட பாதிச் சோத்தையும் சேத்துக் கொட்டுவா. பத்தொம்பது வருசம் என் அடுப்படில நின்னவ. உப்பு எப்பப் போடணும், புளி எப்ப ஊத்தணும், எல்லாம் நான் சொல்லிக் குடுத்தது. நாலு வருசத்துக்கு முன்னாடி தனியாப் போயி புளியமரத்துப்பட்டில குடியேறிட்டா. தனி அடுப்பு, தனி ஆளுக. எங்க வீட்டுக்காரரும் அவரு தம்பியும் மார்க்கெட் டீக்கடைல ஒண்ணா ஒக்காந்து பேசிக்கிட்டு இருப்பாக. நாங்க யாராச்சும் அந்தப் பக்கம் போனா ஒருத்தர் மேற்காலயும் ஒருத்தர் கெழக்காலயும் திரும்பிக்குவாக.

ஏன் போனான்னா, கத்திரிக்காயாலதான். அவளுக்கு இந்தக் கடைல பளபளன்னு வருதே ஹைபிரிட் கத்திரி, அதுதான் வேணும். எல்லாம் ஒரே அளவு, ஒரே நெறம். "புழுவே இல்லக்கா, வேல சீக்கிரம் முடியும்"னா. எனக்கு அது ஆகாது. நாட்டுக் கத்திரிதான் கத்திரி. அதுல பிரிஞ்சோம். இன்னொரு சமாச்சாரமும் உண்டு, அது சின்னது, அத விடு.

போன மாசம் எங்க மார்க்கெட் வியாபாரிக சங்கத்துல ஆண்டு விழா. சங்கத் தலைவரு சங்கையா, ரொம்ப நல்ல மனுசன், யாரையும் பகைச்சுக்க மாட்டாரு. நானூறு பேருக்கு மத்தியானச் சாப்பாடு. எனக்குக் குடுத்தா அவ வருத்தப்படுவா, அவளுக்குக் குடுத்தா நான் சும்மா விட மாட்டேன். ஆகக்கூடி மண்டபத்துல வலது பக்கப் பந்திக்கு நான், எடது பக்கப் பந்திக்கு அவன்னு பிரிச்சுவிட்டாரு. ரெண்டு பேருக்கும் எண்ணெய்க் கத்திரிக்கா கொழம்பு. ஒரே கொல்லைல எதுத்தெதுத்த மாதிரி ரெண்டு அடுப்பு. அதோட விட்டாரா? "தை மாசம் எம் மகளுக்குக் கல்யாணம். இன்னைக்கு யாரு கொழம்பு எடுபடுதோ அவுகளுக்குத்தான்"னுட்டுப் போயிட்டாரு. அந்தக் கல்யாணம் அவளுக்குப் போனா, அதுக்கப்புறம் ஊருக்குள்ள என் கொழம்புக்கு என் பேரு நிக்குமா சொல்லு.

சாப்பாட்டுக்கு முன்னாடி பட்டிமன்றம். "மரபணு மாற்றிய காய்கறி அடுப்படிக்கு வரமா, சாபமா"ன்னு பெருசா பேனர் கட்டியிருந்தாக. நடுவரு புலவர் செம்மலையப்பன். பக்கத்துக்கு மூணு பேரு பேசணும். காலைல அவுகளுக்கு இட்லி வச்சது நான்தான். எல்லாரும் ஒரே வேன்ல வந்து எறங்கி, ஒரே வரிசைல ஒக்காந்து சிரிச்சுப் பேசிச் சாப்பிட்டாக. வரம்னு பேச வந்தவரு சாபம்னு பேச வந்தவரு எலைல இருந்து வடைய எடுத்துத் தின்னாரு. அரை மணி நேரம் கழிச்சு மேடைல பாத்தா, உங்கள மாதிரி ஆளுகளாலதான் நாடு இந்தக் கதிக்கு ஆச்சுன்னு அவரயே கையக் கையக் காட்டிப் பேசுறாரு. நான் சாம்பார் வாளியோட வாசப்படில நின்னு பாத்துக்கிட்டே நிக்கிறேன். தின்ன வடை செரிச்சிருக்காது தாயி அந்த மனுசனுக்கு.

வரம்னு பேசின கட்சில ஒரு பேராசிரியை. நளாயினின்னு பேரு, விவசாயக் கல்லூரில பாடம் எடுக்கறவுகளாம். சத்தமே போடாமப் பேசினாக. கத்திரிக்காய்க்குள்ள புழு போகாம இருக்க விவசாயி பத்துத் தடவ இருவது தடவ மருந்தடிக்கிறாரு, அந்த மருந்துதான் ஒங்க கொழம்புக்கு வருது. மண்ணுல இருக்குற ஒரு நுண்ணுயிரோட கொணத்தச் செடிக்குள்ள வச்சுட்டா, புழுவச் செடியே பாத்துக்கும், மருந்து கொறையும்னாக. சாபக் கட்சில துரைப்பாண்டின்னு ஒரு வெவசாயி எந்திரிச்சு, அப்ப வருசா வருசம் வெதைக்கு நான் எவன் வாசல்ல போயி நிக்கிறதுன்னு கேட்டாரு. என் காட்டுக்குப் பக்கத்துல ஒருத்தன் அதப் போட்டா, வேணாம்னு நான் சொன்னாலும் காத்துல வந்துருமேன்னு கேட்டாரு. ரெண்டும் ஞாயமாத்தான் இருந்துச்சு. வியாபாரிக பாதிப் பேரு தூங்கிட்டாக.

சாபக் கட்சிக்கு மூணாவதா ஒரு டீச்சரம்மா வரணும், சமையலோட அருமையப் பத்திப் பேச. அவுக வந்த வண்டி வழில நின்னு போச்சு. சங்கையா நேரா கொல்லைக்கு ஓடியாந்தாரு. "சமையலப் பத்திப் பேச சமையக்காரவுகளவிட யாரு இருக்கா, வாங்க மேடைக்கு"ன்னாரு.

நேரம் என்ன நேரம் தெரியுமா? கத்திரிக்கா எண்ணெயில வதங்கி, மசாலாவும் புளித்தண்ணியும் ஊத்தி, எண்ணெய் பிரிஞ்சு மேல வர்ற நேரம். அந்த நேரத்துல பெத்த புள்ள கூப்பிட்டாலும் நான் திரும்ப மாட்டேன். அடுப்ப விட்டு ஒரு அடி நகர மாட்டேன். அப்படி ஒரு கொள்கை எனக்கு. ஆனா மேடைல மைக்கு இருக்குன்னு சொன்னாரு.

எங்க வீட்டுக்காரருகிட்டக் கரண்டியக் குடுத்து, கிண்டாத, சும்மா பாத்துக்கிட்டு நில்லு, தீய மட்டும் கொறைன்னு சொல்லிட்டுப் போனேன். எதுத்த அடுப்புல இருந்து மாரிக்கனி பாத்தா.

மேடை ஏறினதும் எனக்கு எங்கிருந்துதான் வந்துச்சோ பேச்சு. புழுவே வேணாம்னு ஒதுக்குன காய மனுசன் எப்படித் திங்கிறதுன்னேன். கைதட்டுனாக. காய ஒவ்வொண்ணா எடுத்து நாலாக் கீறி, உள்ள பாத்து, சொத்தையத் தள்ளி, நல்லத எடுக்குறதுக்குப் பேருதான் சமையல், பாக்காமப் போட்டு எறக்குறதுன்னா அதுக்கு மிசினு போதுமேன்னேன். அதுக்கும் கைதட்டுனாக. தூங்கினவுக எந்திரிச்சு ஒக்காந்தாக. கைதட்டு இருக்கே தாயி, அது ஒரு மாதிரி பண்ணிப்போடும். எனக்கு நிறுத்தத் தெரியல. "இந்தா, இதே மண்டபத்துல எடது பக்கப் பந்திக்கு இன்னைக்கு மரபணு மாத்தின கத்திரிக்காதான் போடப் போறாக"ன்னு சொல்லிப்புட்டேன்.

எடது பக்கம் ஒக்காந்திருந்தவுக எல்லாம் எந்திரிச்சு வலது பக்கம் வர ஆரம்பிச்சாக. நளாயினி அம்மா மைக்க வாங்கி, அது ஹைபிரிட்டு, அது வேற, இது வேற, மரபணு மாத்தின கத்திரி நம்ம சந்தைக்கே இன்னும் வரலன்னு வெளக்கம் சொன்னாக. எல்லாம் ஒண்ணுதான்னேன். படிச்சவுகளுக்கு எதையும் பிரிச்சுப் பிரிச்சுச் சொன்னாத்தான் திருப்தி. அதோட விட்டிருக்கலாம். என் கண்ணக் கட்டி விடுங்க, நாக்குல வச்ச ஒடனே எது நாட்டுக்காய், எது சோதனைக்கூடத்துக் காய், எது என் கை, எது அவ கைன்னு சொல்லிருவேன், சமைக்கிறவ நாக்குக்கு முன்னாடி ஒங்க மிசினெல்லாம் எம்மாத்திரம்னு சொன்னேன்.

நளாயினி அம்மா கோவப்படல. "செஞ்சு பாத்துருவோமேக்கா"ன்னாக, அவ்வளவு தன்மையா.

நடுவருக்கு ஒரே குஷி. அவருக்குப் போத்தின பொன்னாடையவே எடுத்து என் கண்ணுல கட்டுனாரு. பந்தி பரிமாறுற முத்துக்காளை ரெண்டு அடுப்புல இருந்தும் ஒவ்வொரு கிண்ணம் கொண்டாந்தான். நளாயினி அம்மா கிண்ணத்துக்கு அடில நம்பர் எழுதுனாகளாம். மண்டபத்துல மேல ஃபேன் ஓடுறது மட்டும் கேக்குது.

மொதக் கிண்ணம். ஒரு வாய் வச்சேன். காய் கொழஞ்சு கெடக்கு, எண்ணெய் பிரியவே இல்ல, அடியில புடிச்ச வாசம் லேசா வருது. ரெண்டாவது கிண்ணம். தாயி, அத என்னன்னு சொல்லுவேன். காம்பப் புடிச்சாக் காய் முழுசா வருது, வாய்ல வச்சாக் கரையுது. புளி தனியாத் தெரியல, காரம் தனியாத் தெரியல, எல்லாம் ஒண்ணாச் சேந்து நிக்கிது. நான் நிமுந்து ஒக்காந்து மைக்குல சொன்னேன். "ரெண்டாவது என் கொழம்பு. மொதல்ல குடுத்தது சோதனைக்கூடத்துல பொறந்தது. இதப் போயி நாலு பேருக்குப் போட எப்படித்தான் மனசு வந்துச்சோ."

பொன்னாடைய அவுத்தாக. நளாயினி அம்மா கிண்ணத்தத் திருப்பிக் காட்டுனாக. ரெண்டாவது எடது பக்க அடுப்பு, கனியோடது. மொத கிண்ணம் வலது பக்கம்.

நானூறு பேரு சிரிச்சா எப்படி இருக்கும்னு நீ கேட்டிருக்கியா? எந்திரிச்சு எடது பக்கத்துல இருந்து வந்தவுக எல்லாம் திரும்ப எடது பக்கமே போனாக, வலது பக்கத்து ஆளுகளையும் கூட்டிக்கிட்டு. கொல்லைப் பக்கம் பாத்தா எங்க வீட்டுக்காரரு அண்டாவுக்குப் பின்னாடி போயி நின்னுக்கிட்டாரு. ஒரு தடவ கிண்டுனாராம். ஒரே ஒரு தடவதானாம். அப்புறம் தீயக் கூட்டுனாராம், சீக்கிரம் ஆகட்டும்னு.

அந்தப் பொன்னாடைல ஒரு கஞ்சி வாடை தாயி, மூக்க அடைச்சிருச்சு. காலைல வெத்தல போட்டிருந்தேன், அது வேற. பேசிப் பேசித் தொண்டை வறண்டு போனா நாக்குல என்ன தெரியும்? இதெல்லாம் யாரு கணக்குல எடுத்தா?

அதக்கூட மன்னிச்சிருவேன். அதுக்கப்புறம் அவ செஞ்சா பாரு ஒரு வேல, அதத்தான் மன்னிக்க முடியல. கனி கரண்டிக் கையச் சேலைல தொடச்சுக்கிட்டே மேடை ஏறி வந்தா. என்னப் பாக்கல. மைக்க எப்படிப் புடிக்கிறதுன்னு கூடத் தெரியல அவளுக்கு, நடுவருதான் புடிச்சாரு.

"சிரிக்காதீக. அக்கா சரியாத்தான் சொன்னாக. அது அவுக கொழம்புதான். அவுக சொல்லிக் குடுத்த மாதிரியே வச்சேன், ஒண்ணுகூட நான் மாத்தல. அடுப்பு மட்டுந்தான் என்னுது."

சிரிப்பு நின்னு போச்சு. அப்புறம் கை தட்டுனாக பாரு, என் பேச்சுக்குத் தட்டுனதவிட அதிகம். நளாயினி அம்மாவும் தட்டுனாக, துரைப்பாண்டியும் தட்டுனாரு. நடுவரு இதுதான் சமையலோட பெருமைன்னு கண்ணத் தொடச்சுக்கிட்டு, தீர்ப்பு சாப்பாட்டுக்கு அப்புறம்னாரு. சாப்பாட்டுக்கு அப்புறம் தீர்ப்பக் கேக்க ஒருத்தரும் இல்ல. அந்த மரபணு வரமா சாபமான்னு எங்க ஊருக்கு இன்னைக்கு வரைக்கும் தெரியாது.

என்னக் காப்பாத்த அவ யாரு? நான் கேட்டேனா? நானூறு பேரு முன்னாடி ஒருத்திய அசிங்கப்பட விட்டாக்கூட நாலு நாள்ல மறந்துரும். காப்பாத்தி விட்டா அது மறக்குமா? பஸ் ஸ்டாண்டுல பாத்தவுக எல்லாம், என்ன கொழுந்தன் பொண்டாட்டி கெடச்சிருக்கா ஒங்களுக்குன்னு சொல்றாக. அதக் கேட்டுக் கேட்டே எனக்குச் சோறு எறங்கல.

இப்ப நேத்து சங்கையா வந்தாரு. தை மாசக் கல்யாணத்த கனிக்குத்தான் குடுத்தாராம். அவ, அக்கா வந்து நின்னாத்தான் அடுப்பப் பத்த வப்பேன்னு சொல்லிட்டாளாம். பாத்தியா? என்ன ஒரு வார்த்த கேக்காம எப்படிச் சொல்லலாம்? அதக் கேக்கத்தான் போறேன்.

என்ன, மூஞ்சிய அப்படி வச்சிருக்க? அவ நல்லவதான்னு சொல்ற. நல்லவதான். யாரு இல்லன்னா? ஆனா பொய் சொன்னா தாயி. மேடைல நின்னு பச்சப் பொய் சொன்னா. ஒண்ணுகூட மாத்தலன்னாளே, மாத்தியிருந்தா. அதுல எள்ளு இருந்துச்சு.

ஆமா, எள்ளு. வறுத்து, கொரகொரன்னு பொடிச்சு, எறக்குறப்பத் தூவியிருந்தா. நான் கடலையும் தேங்காயும்தான் போடுவேன். எள்ளு போட மாட்டேன். அது தெவசத்துக்குப் போடுறது, நல்ல காரியத்துக்கு ஆகாதுன்னு எங்க மாமியா சொல்லுவாக.

எப்பத் தெரிஞ்சுச்சுன்னா கேக்குற? விவரமான புள்ளதான் நீ.

நாக்குல வச்ச ஒடனே தெரிஞ்சுச்சு. மொதக் கிண்ணமும்தான். என் மசாலா எனக்குத் தெரியாதா? இந்தப் பாவி மனுசன் கிண்டித் தொலைச்சிருக்காருங்கிறது வரைக்கும் தெரிஞ்சுச்சு. நாக்கு சரியாத்தான் சொல்லுச்சு, வாய்தான் மாத்திச் சொல்லிருச்சு. ஏன்னா அந்த ரெண்டாவது கொழம்பு நல்லாருந்துச்சு தாயி. அவ்வளவு நல்லாருந்துச்சு. இது என்னுதா இருக்கக் கூடாதான்னு இருந்துச்சு. கண்ணு வேற கட்டியிருந்துச்சா, யாரும் நம்மளப் பாக்கலங்கிற மாதிரி ஒரு நெனப்பு.

சின்ன சமாச்சாரம்னு ஒண்ணு சொன்னேன்ல, அது இதுதான். நாலு வருசத்துக்கு முன்னாடி ஒரு கல்யாண அடுப்புல, ஒரு டம்ளர்ல வறுத்த எள்ளு கொண்டாந்து, "அக்கா, ஒரு தடவ போட்டுப் பாப்போமா"ன்னா. அவ்வளவு ஆசையாக் கேட்டா. பதினஞ்சு ஆளுக நிக்கிறாக. கல்யாண வீட்டுல தெவசச் சமையலா சமைக்கிறன்னு டம்ளரப் புடுங்கி சாக்கடையில கொட்டிட்டேன். அழுகல அவ. டம்ளர எடுத்துக் கழுவி வச்சுட்டுப் போனா, மறுநாள் வரல. ஊருக்குள்ள ஹைபிரிட் கத்திரியாலதான் பிரிஞ்சோம்னு சொன்னது நான்தான். அவ யாருகிட்டயும் மறுத்துச் சொல்லல. அதுக்கப்புறம் எத்தன பேருக்கு அந்த எள்ளக் கொழம்புல போட்டு நல்ல பேரு வாங்கியிருப்பா. எந்தக் கல்யாணத்துல யாருக்கு என்ன ஆச்சு? எல்லாம் புள்ளகுட்டியோட நல்லாத்தான் இருக்காக.

அப்பப் பொய் அவ சொன்னதா நான் சொன்னதான்னு நீ கேக்காத. நானே ஒரு மாசமாக் கேட்டுக்கிட்டுத்தான் இருக்கேன்.

இந்தா வந்துருச்சு விலக்கு. கண்டக்டரே, ஆளு எறங்கணும். என்ன கேக்காம எப்படிச் சொன்னன்னு ஆரம்பிச்சா அவ பயந்துருவாளோ? நீ கேட்டியே இவ்வளவு நேரம், எந்த எடத்துல குரலு ரொம்ப ஏறுச்சு? அந்த எள்ளு சமாச்சாரத்தச் சொல்லவா, விட்டுரவா? சரி சரி, அங்க போயிப் பாத்துக்கறேன்.

அந்தப் பைய எடுத்துக் குடு தாயி. பாத்து, மேல ஒரு பொட்டலம் இருக்கு, அது அவுந்துராம. எள்ளுதான். வேற ஒண்ணும் இல்ல, நல்ல எள்ளாப் பாத்து வாங்க அவளுக்குத் தெரியாது.